கணக்கில் வராத வாத்தியார்

மேற்குத் தொடர்ச்சி மலையைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவேன். தபதி ஆற்றுக்குத் தெற்கே தொடங்கி, பாலக்காட்டுக் கணவாயில் சாக்பீஸைக் கொஞ்சம் தூக்கி, ஆனைமலை, ஏலமலை வழியாகக் கன்னியாகுமரிப் பக்கம் கொண்டுபோய் இறக்குவேன். பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். இந்த ஒரு வித்தையை நம்பித்தான், 2010இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வீட்டுப் பட்டியல் எடுக்கச் சொல்லி, எனக்கு ஒதுக்கிய தெருக்களின் வரைபடத்தையும் நானே போட வேண்டும் என்றபோது சந்தோஷமாகத் தலையாட்டினேன். சமூக அறிவியல் ஆசிரியன் இல்லையா!

எங்கள் போடி ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். குரங்கணிப் பள்ளத்தாக்கிலிருந்து கொட்டக்குடி ஆறு இறங்கி வருகிற பக்கமும் மலை, மூணாறு ரோடு போகிற பக்கமும் மலை. தேனிக்குப் போகும் கிழக்குத் திசை மட்டும்தான் திறந்து கிடக்கிறது. இதில் எந்த மலையை வைத்து வடக்கு என்று முடிவு செய்தேனோ, அம்புக்குறி போட்டு அழகாக நிழலும் தீட்டியிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

“வாத்தியாரே, பொழுது எங்கிட்டுச் சாயும்?”

கையை நீட்டிக் காட்டினேன். கை போய் நின்ற மலைக்கு நேராகத்தான் என் அம்புக்குறியும் நின்றது. அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். நான் ரப்பரைத் தேட ஆரம்பித்தேன்.

மறு ஆண்டு பிப்ரவரி 9 முதல் 28 வரை தலைக் கணக்கு. முதல் நாள் காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் பையுமாகப் போய் நின்றேன். தெருவே பூட்டிக் கிடந்தது. இருந்தவர்கள் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான். ஊரே எங்கே என்றால், மேலே. விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கேரளத்துக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத் தோட்டங்களுக்குப் போய்விட்டார்கள். பிப்ரவரியில் காயெடுப்பு ஓய்ந்துவரும். களையும் மருந்தடியும் ஓய்வதில்லை, ஜீப்பும் ஓய்வதில்லை. பத்து மணிக்கு மக்கள் வீட்டில் இருப்பார்கள் என்று, இத்தனை காலம் இந்த ஊரில் குடியிருந்தவனுக்கு எப்படித் தோன்றியது? என் வீட்டில் பத்து மணிக்கு நான் இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ராத்திரியில் போனேன். அடுப்பு எரியும் நேரம், கால் வலிக்கும் நேரம். கேட்டதையெல்லாம் எழுதி, ஏலத் தோட்டத்துக்குப் போகிற அத்தனை பேரையும் ‘விவசாயக் கூலி’ என்று போட்டேன். இது பாதி அறியாமை, பாதி சோம்பல். அப்படிப் போட்டால் ‘வேலைக்குப் போகும் தூரம்’, ‘போகும் விதம்’ என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டிவிடலாம். மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தோட்டத் தொழிலாளி ‘இதரத் தொழிலாளி’ கணக்கில் வருவாராம், பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். அந்த வகுப்பில் நான் கடைசி வரிசை. கடைசி வரிசையில் உட்காரும் பையன்களை நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன்!

மறுபடியும் வாசல் வாசலாக.

“அக்கா, வேலைக்குப் போற தூரம் எத்தனை கிலோமீட்டர்?”

“நடந்தா போறேன், எண்ணிக்கிட்டுப் போக? பதினேழு வளைவு ஏறணும், பதினேழு வளைவு எறங்கணும். எழுதிக்க சார்.”

வளைவுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. ஆனால் போகும் விதத்துக்கு இருந்தது: கார், ஜீப், வேன் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. ஆக, முதலாளி தன் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தோட்டம் பார்க்கப் போவதும், இந்த அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு அடுத்தவர் மடியில் பாதி உட்கார்ந்து போவதும் ஒரே எண். இதைவிடச் சமத்துவமான ஒரு கட்டத்தை நான் பார்த்ததில்லை. ரயிலுக்கும் தனி இடம் இருந்தது. 1928இல் வந்த மதுரை ரயிலை, அகலப் பாதை போடுகிறோம் என்று 2010 முடிவோடு நிறுத்தியிருந்தார்கள். திரும்ப வந்தது 2023 ஜூனில். அதுவரை அந்தக் கட்டம் காலிதான்.

தூரத்தை நானே அளந்துவிடுவதென்று ஒரு விடுமுறை நாளில் ஜீப் ஏறினேன். வாத்தியார் என்று முன் சீட்டு கொடுத்தார்கள். கிலோமீட்டர் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. முந்தல் வரை பாடம் நடத்தினேன்: இந்த ரோடு கொச்சியிலிருந்து தொண்டி வரை போகிறது, தேசிய நெடுஞ்சாலை 85, 1956இல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போனது என்றெல்லாம். பின்னால் ஒருவரும் கேட்கவில்லை, பாதிப் பேர் தூக்கம். வளைவுகள் தொடங்கியதும் என் பாடம் நின்றது, பாதி மலையில் ஜீப்பும் நின்றது. எனக்காகத்தான். ஓர் அம்மா மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். 4,000 அடிக்கு மேலே போடிமெட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் என்னை இறக்கிவிட்டு, “பஸ்ஸுல போயிருங்க சார்” என்று அவர்கள் வேலைக்குப் போனார்கள். படிவத்தில் கடைசியில் நான் எழுதியதெல்லாம் உத்தேசம்தான். அரசாங்கம் மன்னிக்கட்டும்.

இவ்வளவு அடிபட்டவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். என் அக்கா மகன் நியூஜெர்சியில் எடிசன் டவுன்ஷிப்பில் இருக்கிறான். 1954 வரை ராரிட்டன் டவுன்ஷிப் என்று இருந்ததாம். தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம் அங்கே இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்டார்கள். காலையில் பாதி ஊர் ரயிலேறி நியூயார்க் பக்கம் போய்விடும், ராத்திரி தூங்கத்தான் வரும் என்று போனில் சொன்னான். “எங்க ஊர்ல பக்கத்து மாநிலத்துக்கே போயிட்டு வாராங்கடா” என்றேன். “நியூயார்க்கும் பக்கத்து மாநிலம்தான் மாமா” என்றான். அதோடு விட்டிருக்கலாம்.

“சனத்தொகையில உன் ஊரு எங்க ஊருக்குக் கிட்ட வருமா?”

தட்டிப் பார்த்துச் சொன்னான்: 2020இல் ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம். போடி நகராட்சி, 2011இல் 75 ஆயிரத்துச் சொச்சம். அவன் ஊர் 30 சதுர மைல், போடியை ஒரு காலை நடையில் சுற்றிவிடலாம், நெருக்கத்தில் நாங்கள்தான் முந்தி என்று சமாளித்தேன். அவன் விடவில்லை. “பத்து வருஷத்துல ரெண்டாயிரம் பேர்தான் கூடியிருக்கு மாமா. 2001லயே 73 ஆயிரத்துச் சொச்சம்.” ஊர் எல்லைக்கு வெளியே வளர்ந்துவிட்டது, மேலச்சொக்கநாதபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் தனித்தனிப் பேரூராட்சி, அந்தச் சனமெல்லாம் போடிக் கணக்கில் வராது என்று விளக்கினேன்.

“உங்க வீடு மேலச்சொக்கநாதபுரத்துலதானே மாமா?”

ஆமாம். நான் பெருமை பேசிய 75 ஆயிரத்தில் நான் இல்லை. வீடு வீடாகப் போய் அந்தத் தொகையை எழுதியவன், நான் மட்டும் வெளியே.

“அப்ப நீங்க எந்த ஊரு?”

“தேனி மாவட்டம்” என்று கெத்தாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அந்த மாவட்டம் 1996இல் பிரித்தது, நான் பிறந்ததும் படித்ததும் அசையாமல் அதே வீட்டில், மதுரை மாவட்டத்தில் என்ற சிக்கல் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் விளக்கத் தொடங்கினேன். 2027 கணக்கெடுப்பில் எல்லாம் சரியாகிவிடும், செல்போனில் நாமே பதிந்துகொள்ளலாம், அந்தத் தெருச் சனங்களுக்கே நான் சொல்லிக் கொடுக்கலாம் என்ற இடத்தில் அவன் குறுக்கிட்டான்.

“அத்தைகிட்ட போனக் குடுங்க மாமா. எட்டு மில்லி சைஸ் ஏலக்கா அரைக் கிலோ சொல்லணும். நீங்க வாங்கினா ஆறு மில்லியத் தள்ளிவிட்டுருவாங்க.”