வாங்க வராதவர், கொடுக்க வந்தார்

கேள்வி: சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை 4 முறை வென்ற கேதரின் ஹெப்பர்ன், ஒருமுறைகூட நேரில் போய் வாங்கவில்லையாமே! அவ்வளவு கர்வமா?

பதில்: கர்வம் இருந்தால்தான் என்ன? சம்பாதித்த கர்வம் அது. 1938-ல் தியேட்டர்காரர்கள் விளம்பரமே கொடுத்து, ‘பாக்ஸ் ஆபீஸ் விஷம்’ என்று சில நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டார்கள். அதில் இவரும் ஒருவர். மூலையில் உட்கார்ந்து அழவில்லை. மறுவருடமே பிராட்வேயில் ‘பிலடெல்பியா ஸ்டோரி’ நாடகத்தில் நடித்தார். நாடகம் சக்கைப்போடு போட்டது. அதன் படஉரிமை யார் கையில்? இவர் கையில்! ‘கதை வேண்டுமா, கதாநாயகி நான்தான்’ என்று எம்.ஜி.எம். பட நிறுவனத்திடம் விற்றார். 1940-ல் படம் பெரும் வெற்றி. விஷத்தை அமுதமாக்கிய அந்தச் சாமர்த்தியத்துக்கே தனி ஆஸ்கர் தரலாம்.

1974-ல் ஆஸ்கர் மேடைக்கு வந்தார்; நண்பரான தயாரிப்பாளர் லாரன்ஸ் வெயின்கார்ட்டனுக்கு விருது கொடுக்க!

ஹெப்பர்னின் இரண்டாவது ஆஸ்கர் ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்துக்கு. படப்பிடிப்பு முடிந்து 17 நாளில் அவருடைய அன்புக்குரிய ஸ்பென்சர் ட்ரேசி காலமானார். இருவரும் சேர்ந்து நடித்த 9-வது படம் அது. அதைக் கடைசிவரை ஹெப்பர்ன் பார்க்கவே இல்லை.