ஒரே ஊர், இரண்டு போலீஸ்

2020 ஜூன் மாதம் மினியாபோலிஸ் நகர மன்ற உறுப்பினர்கள் மேடை ஏறி, எங்கள் ஊர்ப் போலீஸையே கலைக்கப் போகிறோம் என்று சபதம் போட்டார்கள். ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்துக் கொன்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு நவம்பரில் வாக்காளர்களைக் கேட்டபோது, "அதெல்லாம் வேண்டாம், இருக்கட்டும்" என்று வாக்குச் சீட்டில் சொல்லிவிட்டார்கள். இடைப்பட்ட நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களில் கோட்டு போட்டவர்கள், போலீஸைக் கலைப்பது என்பது பூமி தோன்றியதிலிருந்து யாருமே நினைத்துப் பார்க்காத விபரீதம் என்று கத்தினார்கள். பாவம், அவர்களுக்கு 1857 தெரியாது. அந்த வருஷம் நியூயார்க் போலீஸைக் கலைக்கச் சட்டமே வந்தது. சட்டம் வந்ததே தவிர, கலைய வேண்டியவர்கள் கலையவில்லை. கதையே அதுதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1845-க்கு முன்னால் நியூயார்க்கில் இரவுக் காவல் என்று ஒன்று இருந்தது. பகலில் தச்சு வேலையோ வண்டியோட்டமோ பார்த்துவிட்டு, இரவில் நாலு காசுக்காகக் காவல் நிற்க வந்தவர்கள். தலையில் தோல் தொப்பி. அதற்கு வார்னிஷ் பூசிப் பூசி இரும்புச் சட்டிபோல ஆகியிருக்கும். அதனால் ஊரார் வைத்த பெயர் 'தோல்மண்டை'. நிற்பதற்கு மரக்கூண்டு உண்டு. நிற்கத்தான் கொடுத்தார்கள், அவர்கள் தூங்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். பகலெல்லாம் இழைப்புளி தள்ளியவன் ராத்திரி தூங்காமல் வேறென்ன செய்வான்? பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைய பொழுதுபோக்கு, குறட்டைச் சத்தம் வரும் கூண்டாகப் பார்த்துக் கவிழ்த்துவிட்டு ஓடுவது.

இது சரிப்படாது என்று 1845-இல் முழுநேரப் போலீஸ் வந்தது. முனிசிபல் போலீஸ். ஆள் எடுக்கும் முறைதான் அருமை: வார்டு உறுப்பினர் கைகாட்டினால் வேலை, அதுவும் முதலில் ஒரே ஒரு வருஷத்துக்கு. அடுத்த வருஷம் வேலை வேண்டுமா? அடுத்த தேர்தலிலும் அதே ஆளை ஜெயிக்க வை. சட்டப் புத்தகம் படிக்காத காவலர்கூட வாக்காளர் பட்டியலைத் தலைகீழாக ஒப்பித்திருப்பார். சீருடை கிடையாது, நெஞ்சில் ஒரு நட்சத்திர வில்லை மட்டும். எங்கேயாவது கலாட்டா என்றால் வில்லையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் போதும், அவரும் வேடிக்கை பார்க்கும் பொதுஜனம். 1853-இல் சீருடை போடு என்றபோது கொந்தளித்துவிட்டார்கள். சுதந்திர நாட்டின் குடிமகன் வீட்டு வேலைக்காரனைப்போல உடுப்பு மாட்டுவதா! லஞ்சம் வாங்கும்போது நினைவுக்கு வராத தன்மானம் அளவெடுக்கத் தையல்காரர் வந்ததும் வந்துவிட்டது.

இந்தப் படை போய்ச் சேர்ந்த கைதான் ஃபெர்னாண்டோ வுட். 1855-இல் மேயர் ஆனார். ஆள் உயரம், பேச்சில் தேன், உடையில் மடிப்புக் கலையாத நேர்த்தி. வியாபாரத்தில் சொந்த மைத்துனரையே போலிப் பில் காட்டி ஏமாற்றியதாக வழக்கு இருந்தது. காலக்கெடு கடந்துவிட்டது என்று தப்பித்தவர். 1856 தேர்தலில் அவர் போலீஸைப் பயன்படுத்திய விதம் பாடப் புத்தகத்தில் சேர்க்கத் தக்கது. முதலில் காவலர்களிடமே தேர்தல் நிதி வசூலித்தார். பிறகு வாக்குப்பதிவு நாளன்று அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டார். கள்ள ஓட்டுப் போட வந்த ரவுடிகளுக்குக் காவலர்களால் எந்தத் தொந்தரவும் நேரக்கூடாதல்லவா.

மாநிலத் தலைநகரம் ஆல்பனி. அங்கே சட்டமன்றத்தில் அப்போது குடியரசுக் கட்சி. வுட் ஜனநாயகக் கட்சி. அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களுக்கு நியூயார்க் என்றாலே ஐரிஷ்காரன், கத்தோலிக்கன், சாராயம் என்று மூன்று வார்த்தைதான் ஞாபகம் வரும். நகரப் போலீஸ் ஊழலில் ஊறிக்கிடந்தது உண்மை. அதைச் சாக்காக வைத்து அவர்கள் செய்ததும் ஒன்றும் துறவறம் இல்லை. 1857 ஏப்ரலில் ஒரே மூச்சில் மூன்று வேலை செய்தார்கள். சாராயக் கடைகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். வுட்டின் பதவிக் காலத்தைப் பாதியில் வெட்டினார்கள். முனிசிபல் போலீஸைக் கலைத்து, நியூயார்க், புரூக்ளின், ஸ்டேட்டன் தீவு, வெஸ்ட்செஸ்டர் எல்லாவற்றையும் சேர்த்து மெட்ரோபாலிட்டன் போலீஸ் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். அதை ஆளப்போகும் கமிஷனர்களை நியமிப்பவர் ஆளுநர். லண்டனில் 1829 முதல் இருக்கும் போலீஸின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சீர்திருத்தம் என்று பெயர். லத்தி அதேதான், பிடிக்கிற கைதான் வேறு.

வுட் கலைக்க மாட்டேன் என்றார். சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் போனார். படைக்குள் ஒரு வாக்கெடுப்பு மாதிரி நடந்தது: சுமார் 800 பேர் மேயர் பக்கமே நின்றார்கள், 300 பேர்போல புதுப் போலீஸுக்குத் தாவினார்கள். தாவியவர்களில் ஒருவர் கேப்டன் ஜார்ஜ் வாஷிங்டன் வாலிங். இந்தப் பெயரை மறக்காதீர்கள்.

ஆக ஒரு ஊர், இரண்டு போலீஸ். ஒருவன் திருடனைப் பிடிப்பான். மற்றவன் வந்து, "இவனைப் பிடிக்க நீ யார்?" என்பான். இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். திருடன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். ஒரு காவல் நிலையத்தில் அடைத்தவனை எதிர்த் தரப்பு ஆட்கள் வந்து அவிழ்த்துவிட்டதும் உண்டு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். போலீஸே இரண்டுபட்டால் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

ஜூன் 16. இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

நகரத் தெருக்களுக்குப் பொறுப்பான கமிஷனர் இறந்துபோயிருந்தார். தெரு என்றால் கான்டிராக்ட், கான்டிராக்ட் என்றால் கமிஷன். அந்த நாற்காலி காலியாக இருக்கலாமா? ஆளுநர் டேனியல் கனோவர் என்பவரை நியமித்தார். மேயரோ சார்ல்ஸ் டெவ்லின் என்பவரை நியமித்தார். டெவ்லின் அதற்கு 50,000 டாலர் கொடுத்தார் என்று ஊர் பேசியது. கனோவர் நியமன உத்தரவோடு நகர மண்டபத்துக்குப் போனார். மேயரின் போலீஸ் அவரைத் தூக்கி வெளியே போட்டது. அவர் நேரே போய் மேயர் மேலேயே கைது வாரண்டு வாங்கிவிட்டார்.

மேயரைக் கைது செய்ய வாலிங் தனியாகப் போனார். தனியாக! மண்டபம் முழுக்க மேயரின் போலீஸ். நேற்றுவரை வாலிங்கோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உள்ளே விட்டார்கள். வாரண்டை நீட்டினார். உன்னை நான் போலீஸாகவே ஒப்புக்கொள்ளவில்லை என்கிற பாணியில் வுட் பேசினார். வாலிங் அவர் கையைப் பிடித்தார். அடுத்த நிமிஷம் வாலிங் வாசலுக்கு வெளியே இருந்தார். திரும்ப உள்ளே போகப் பார்த்தார், திரும்ப வெளியே. பழைய சகாக்கள் அல்லவா, எந்தப் பக்கமாகத் தள்ளினால் வலிக்காது என்று தெரிந்து தள்ளியிருப்பார்கள்.

பிறகு புதுப் போலீஸ் 50 பேர் அணிவகுத்து வந்தார்கள். இவர்களுக்கு இன்னும் சீருடைகூடத் தைத்தாகவில்லை; நீளக் கோட்டும் உயரத் தொப்பியுமாகக் கல்யாண மாப்பிள்ளைத் தோழர்கள்போல வந்து நின்றார்கள். எதிரே படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் சீருடை போட்ட பழைய போலீஸ், சில நூறு பேர். கூடவே மேயரின் வாலாட்டிகளான ரவுடிக் கூட்டம். சட்டத்தைக் காக்கச் சத்தியம் செய்த இரண்டு கூட்டமும் ஒன்றன் மண்டையை ஒன்று உடைத்தது. தொப்பிகள் பறந்தன. புதுப் போலீஸில் பன்னிரண்டு பேருக்குப் பலத்த அடி. ஒருவர் அன்றைய அடியிலிருந்து கடைசிவரை எழவில்லை. சிரிப்புப் போலீஸ் கதைதான். அந்த ஒருவருக்கு மட்டும் அப்படி இல்லை.

இனிமேல் வருவது சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள். பாஸ்டனுக்குக் கப்பலேறுவதற்காக ஏழாவது ரெஜிமென்ட், பேண்டு வாத்தியம் முழங்க பிராட்வே வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே மறுநாள் பங்கர் ஹில் போரின் ஆண்டு விழா. விழாவுக்குப் போன பட்டாளத்தை வழியில் மறித்து, "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள், மேயரைப் பிடிக்க வேண்டும்" என்றார்கள். பட்டாளம் திரும்பியது. வுட் சன்னல் வழியே துப்பாக்கி முனைகளைப் பார்த்தார். அதுவரை புலப்படாத சட்டம் அவருக்குச் சட்டென்று புலப்பட்டது. கைதானார். ஒரு மணி நேரத்துக்குள் ஜாமீனில் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜூலை தொடக்கத்தில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. 3-ஆம் தேதி வுட் தன் போலீஸைக் கலைத்தார். தேதியைக் கவனியுங்கள். மறுநாள் ஜூலை 4, சுதந்திர தினம். ஊர் முழுக்கப் பட்டாசும் சாராயமும். அனுபவமுள்ள போலீஸ் வீட்டில் படுத்திருக்க, தெருப் பெயர்கூடச் சரியாகத் தெரியாத புதுப் போலீஸ் ரோந்து வந்தது. ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியின் 'செத்த முயல்' கும்பலும் பவரி பையன்களும் இந்த நல்வாய்ப்பை விடுவார்களா? இரண்டு நாள் செங்கல்லும் துப்பாக்கியும் பேசின. குறுக்கே வந்த புதுப் போலீஸ்காரர்களுக்கும் அடி. பத்துப்பேர் போலச் செத்தார்கள். மறுபடி பட்டாளம் வந்துதான் அடங்கியது.

நகர மண்டபத்தில் அடிபட்ட காவலர்கள் மேயர் மேல் வழக்குப் போட்டார்கள். ஆளுக்கு 250 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. வுட் சட்டைப் பையைத் தொடவில்லை; நகரக் கஜானாவே கட்டியது. டிசம்பரில் தோற்றார், இரண்டு வருஷத்தில் மறுபடி ஜெயித்தார். 1861 ஜனவரியில், தெற்கு மாநிலங்கள் பிரிந்து போகும் சமயத்தில், நியூயார்க்கும் பிரிந்து தனி நகரமாகிவிடலாம் என்று நகர மன்றத்துக்கு யோசனை சொன்னார். போலீஸையே விட மறுத்தவர், நாட்டை விட்டுவிடத் தயாராக இருந்தார்.

மெட்ரோபாலிட்டன் போலீஸ் 13 வருஷம் ஓடியது. 1870-இல் 'பாஸ்' ட்வீட் என்கிற மகானுபாவர் ஆல்பனியில் புதிய நகரச் சாசனம் ஒன்றை நிறைவேற்றி, போலீஸை மறுபடி நகரத்துக்கே வாங்கிக் கொடுத்தார். 'வாங்கி' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் காசு கொடுத்ததை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். 1874-இல் அந்த நகரப் போலீஸுக்குத் தலைமை அதிகாரியாக வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் வாலிங். அதற்குப் பிறகு நகர மண்டபத்து வாசலில் அவரை யாரும் பிடரியைப் பிடித்துத் தள்ளியதாகத் தெரியவில்லை.