கூழ் கேட்டால் குலக்கதை

பசித்த வயிற்றோடு வந்தவர்களை உட்காரவைத்து, பொட்டலம் பிரிப்பதற்கு முன் தலைவரின் குடும்பப் பெருமையை ஒன்றரை மணி நேரம் ஓதுவது நம் காலத்து மேடைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். தப்பு. 900 வருஷத்துக்கு முன்பே செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் இதைச் செய்து முடித்துவிட்டார். அவர் கூட்டத்துக்கு அழைத்தது பேய்களை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கலிங்கத்துப்பரணி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரண்டு மதிப்பெண் வினாவிடை. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைச் சாய்த்த வீரனைப் பாடுவது பரணி. தோற்றவன் பெயரில் நூல் வழங்கும். பாட்டுடைத் தலைவன் முதலாம் குலோத்துங்கன், படைத் தலைவன் கருணாகரத் தொண்டைமான். மணி அடித்துவிடும். நூலின் தொடக்கத்தில் 'கடை திறப்பு' என்று ஒரு பகுதி உண்டு. தமிழாசிரியர் அந்தப் பக்கத்தை ஏன் அவ்வளவு வேகமாகப் புரட்டினார் என்பது கல்லூரிக்குப் போய் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. அது வேறு கதை.

நம் கதை பாலை நிலத்துக் காளி கோயிலில் தொடங்குகிறது. சுற்றிலும் பேய்கள். பனங்காட்டுக்கே கைகால் முளைத்த மாதிரி உருவம். சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்றோ, வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. கூட்டத்தில் நொண்டி, முடமெல்லாம் உண்டு. பிறவிக் கோளாறு இல்லை, எல்லாம் பணியிட விபத்து. அபயன் என்கிற குலோத்துங்கன் முன்பு செய்த போர் ஒன்றில், பகையரசர்களின் மூளை கொட்டிக் கிடந்த சேற்றில் வழுக்கி விழுந்து ஒரு பேய்க்குக் கால் போனது. இன்னொரு பேய், கூழுக்காகப் பற்களை அரிசியாக உரலில் போட்டு யானைக் கொம்பால் குத்தும்போது உலக்கை தவறிக் கையில் இடித்துக்கொண்டது. இழப்பீடு எதுவும் வழங்கியதாகக் குறிப்பு இல்லை.

இந்தச் சமயத்தில், பழைய குற்றம் ஒன்றுக்காகக் காளிக்குப் பயந்து இமயமலைக்கு ஓடிப்போயிருந்த கிழட்டுப் பேய் ஒன்று திரும்பி வருகிறது. சும்மா வரவில்லை, அங்கே மாயவித்தை கற்றுக்கொண்டு வருகிறது. காளி முன்னால் அதை அரங்கேற்றுகிறது. இதோ ரத்த ஆறு, இதோ பிணமலை! பட்டினிப் பேய்கள் பாய்ந்து அள்ளி வாயில் போட்டால் வெறும் காற்று. பல்லும் பல்லும் மோதி நறநறக்க, ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து புரள்கின்றன. 'அம்மா, இந்த வித்தையை நிறுத்தச் சொல்லுங்கள்' என்று கெஞ்சும் நிலை. தேர்தல் அறிக்கை வாசித்துப் பழகிய நமக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவைப்படாது.

சரி, வித்தை முடிந்தது, அடுத்து கூழா? இல்லை. அடுத்து இராச பாரம்பரியம். கிழட்டுப் பேய் தொண்டையைச் செருமிக்கொண்டு சோழர் வம்சாவளியைத் தொடங்குகிறது, திருமாலிலிருந்து. கேள்விப்பட்ட கதையும் இல்லை. நாரதர் சொல்ல, கரிகாலன் இமயத்தில் கல்லில் எழுதிவைத்ததாம், அதை நேரில் படித்துவிட்டு வந்ததாம். இமயமலையில் கல்வெட்டு, போய்ச் சரிபார்க்க யாருக்கும் பேருந்து கிடையாது. புறாவுக்காகச் சதையை அறுத்தவன், கன்றுக்காக மகனை இழந்தவன், பட்டினப்பாலைக்குப் பதினாறு லட்சம் பொன் கொடுத்தவன், கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது. கூடல் சங்கமத்தில் சளுக்கியரை முறியடித்த வீரராசேந்திரன் வந்ததும் நேரே அபயன்.

இங்கேதான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு ஆளைக் காணோம்.

வீரராசேந்திரன் 1070-இல் இறந்தான். பட்டத்துக்கு வந்தவன் அவன் மகன் அதிராசேந்திரன். சில வாரமோ சில மாதமோ, அதே வருஷம் அவன் கதையும் முடிந்துவிட்டது. அதே 1070-ஐத்தான் குலோத்துங்கன் தன் முதல் ஆட்சியாண்டாகக் கணக்கு வைத்தான். திருமால் வரை நினைவு வைத்திருந்த கிழட்டுப் பேய்க்கு, நாற்பது வருஷத்துக்கு முன் அரியணையில் உட்கார்ந்திருந்தவன் மட்டும் மறந்துபோய்விட்டான்.

குடும்ப விவரம் தெரிந்தால் இந்த மறதிக்குக் காரணம் புரியும். குலோத்துங்கன் பிறப்பால் வேங்கி நாட்டுக் கீழைச் சளுக்கிய இளவரசன். இயற்பெயர் இராசேந்திரன். அப்பா இராசராச நரேந்திரன். நன்னயா தெலுங்கில் பாரதம் பாடத் தொடங்கியது இவர் அவையில்தான். அம்மா அம்மங்கை, கங்கைகொண்ட இராசேந்திர சோழனின் மகள். அப்பாவின் அம்மா குந்தவை, இராசராச சோழனின் மகள். கட்டிய மனைவி மதுராந்தகி, இரண்டாம் இராசேந்திரனின் மகள். மூன்று தலைமுறையாகப் பெண் எடுத்துப் பெண் எடுத்து உடம்பில் ஓடுகிற ரத்தம் முக்கால்வாசி சோழ ரத்தம்தான். ஆனால் வாரிசுக் கணக்கு அப்பா பக்கத்தில் அல்லவா எழுதப்படுகிறது? அந்தக் கணக்கில் அவன் சந்திர குலத்துச் சளுக்கியன். உட்கார்ந்ததோ சூரிய குலத்துச் சிம்மாசனத்தில்.

இதைத்தான் சரிக்கட்ட வேண்டும். படைக்குத் தலைமை தாங்குவதைவிடக் கஷ்டமான வேலை. செயங்கொண்டார் எப்படிச் செய்கிறார் பாருங்கள். வம்சாவளி முடிந்ததும் பேய்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. 'பேய் முறைப்பாடு' என்று தனிப் பகுதியே இருக்கிறது: பசிக்கிறது, தாங்கவில்லை, செத்துவிடுவோம் என்று (பேய்கள்!) முறையிடுகின்றன. காளி காதுகொடுத்துக் கேட்கிறாள். கேட்டுவிட்டு? இன்னொரு உரை. இந்த முறை தேவியே பேசுகிறாள், தலைப்பு 'அவதாரம்'. கண்ணனாக வந்த அதே திருமால்தான் இப்போது அபயனாகப் பிறந்திருக்கிறாராம். குழந்தை பிறந்ததும் பாட்டி, அதாவது கங்கைகொண்டானின் தேவி, கையில் வாங்கி அங்க அடையாளங்களைப் பார்த்து, 'இவன் நம் குலத்துக்கே பிள்ளையாகத் தகுந்தவன்' என்று மகிழ்ந்து போனாளாம். பிரசவ அறையில் பாட்டி சொன்ன வார்த்தை, பல வருஷம் கழித்து அரசியல் சாசனமாகிவிட்டது.

அதைவிட அழகு, பட்டத்துக்கு வந்த விதம். வீரராசேந்திரன் மறைந்த சமயம் அபயன் எங்கே இருந்தான்? வடக்கே போர் செய்துகொண்டிருந்தான். ஊரிலேயே இல்லை. இந்தச் சமயத்தில் சோழநாடு நாசமாகப் போய்விட்டது. வேள்வி நின்றது, மனு நெறி கெட்டது, கோயிலில் பூசை மறந்தது, யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை. அப்புறம் அபயன் வந்தான், இருள் விலகியது. போலீஸ் ஸ்டேஷனில் இதைவிடச் சுத்தமான வாக்குமூலம் யாரும் கொடுத்திருக்க முடியாது. 'சம்பவம் நடந்தபோது என் கட்சிக்காரர் வெளியூரில் இருந்தார், ஐயா.' சம்பவம் என்ன, யாருக்கு நடந்தது என்பதைத்தான் சொல்லவில்லை.

அதைச் சொல்ல எதிர்முகாமில் இன்னொரு புலவர் இருந்தார். காஷ்மீரத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கல்யாணபுரத்துக்கு வந்த பில்கணர். அவருடைய எஜமான் ஆறாம் விக்கிரமாதித்தன், மேலைச் சளுக்கியன், வீரராசேந்திரனின் மருமகன், எனவே அதிராசேந்திரனின் மைத்துனன். விக்கிரமாதித்தனைப் பற்றிப் பில்கணர் வடமொழியில் எழுதிய காவியத்தில் கதை வேறு மாதிரி. மாமனார் இறந்ததும் மைத்துனனுக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டு விக்கிரமாதித்தன் ஓடோடி வருகிறான், அவனைச் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். கொஞ்ச நாளில் சேதி வருகிறது: கலகத்தில் மைத்துனன் கொல்லப்பட்டான், வேங்கி அரசன் 'இராசிகன்' சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டான். இராசிகன் என்பது நம்ம இராசேந்திரன்தான். ஒரே சம்பவம். ஒரு பத்திரிகையில் 'இருள் நீக்க வந்த சூரியன்', இன்னொன்றில் 'வீடு புகுந்து அபகரித்தவன்'. பில்கணரை நம்புவதா என்றால், அவரும் சம்பளத்துக்கு எழுதியவர்தான். ஒருவர் பேச்சை நம்பினால் ஏமாறுவோம். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சுவாரஸ்யமாகவாவது இருக்கும்.

ஒருவழியாகப் போருக்கு வருவோம். காரணம் பிரமாதமாக ஒன்றுமில்லை. காஞ்சியில் அவை கூடியிருக்கிறது, சிற்றரசர்கள் வரிசையாகத் திறை செலுத்துகிறார்கள். 'எல்லாரும் கட்டியாயிற்றா?' வடகலிங்கத்து அனந்தவர்மன் இரண்டு தவணை பாக்கி. அவ்வளவுதான். படை புறப்பட்டது. இந்த அரசனுக்குக் கல்வெட்டுகள் கொடுக்கும் பட்டப்பெயர் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. உள்ளூர்ச் சுங்கத்தை ரத்து செய்தவன், வெளியூர்ப் பாக்கிக்கு ஜப்தி அனுப்புகிறான். பட்ஜெட்டில் எங்கேயாவது துண்டு விழத்தானே செய்யும்?

கலிங்கத்தில் எங்கராயன் என்ற அமைச்சர் 'சோழனோடு வம்பு வேண்டாம் மகாராசா' என்று புத்தி சொல்கிறார். எல்லா வீரகாவியத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டுவிட்டால் காவியம் நான்கே பக்கத்தில் முடிந்துவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. போர் நடக்கிறது, கலிங்கம் தோற்கிறது, அரசன் மலையில் ஒளிகிறான், சோழப்படை விடியும்வரை மலையைச் சுற்றிக் காவல் நிற்கிறது.

போரைவிட ஓட்டம்தான் எனக்குப் பிடித்த இடம். தப்பி ஓடும் கலிங்க வீரர்களில் சிலர் வில்லின் நாணைக் கழற்றிப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, 'கங்கையில் குளிக்க வந்தோம், நடுவில் மாட்டிக்கொண்டோம்' என்கிறார்கள். சிலர் தலையை மழித்து, ரத்தம் தோய்ந்த துணியைக் காவியாகப் போர்த்திக்கொண்டு பௌத்தத் துறவி ஆகிறார்கள். இன்னும் சிலருக்கு அந்தச் சிரமமும் இல்லை. இடுப்புத் துணி ஏற்கெனவே உருவப்பட்டுவிட்டதால் நின்ற கோலத்திலேயே திகம்பரச் சமணர். கலிங்கம் என்றால் துணி என்றும் ஒரு பொருள் உண்டு, அந்தச் சிலேடையைச் செயங்கொண்டார் விடுவாரா? மிச்சமிருந்தவர்கள் செத்த யானையின் மணியைத் தாளமாகப் பிடித்து, 'நாங்கள் தெலுங்குப் பாணர்கள், பாட வந்தோம்' என்று கும்பிடு போட்டுத் தப்பித்தார்கள். இந்தக் கடைசிக் கூட்டம் புத்திசாலிக் கூட்டம். வேங்கியிலிருந்து வந்த அரசனின் படையிடம் தெலுங்கன் என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். அரசனைச் சோழனாக்க இத்தனை பாட்டுப் பாடிய புலவர், இங்கே கொஞ்சம் அசந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

கடைசியில் கூழ். காளி பேய்களைப் பார்த்து, முதலில் பல் தேயுங்கள் என்கிறாள். யானைக் கொம்பால் பல் துலக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்து, குளித்துவிட்டுத்தான் சமையல். பந்தியில் சமணப் பேய்க்குத் தனிக் கவனிப்பு: ஒருவேளைதான் உண்ணும், மயிர் கிடந்தால் உண்ணாது, எனவே வடிகட்டி ஊற்றச் சொல்கிறாள். பார்ப்பனப் பேய், பௌத்தப் பேய், குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், கனவில் கூழ் கண்ட பேய் என்று ஊரே வரிசையில் நிற்கிறது. கிண்டல் இருக்கிறது, ஆனால் யாருக்கும் கூழ் இல்லையென்று சொல்லவில்லை. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு 1090-இல் செப்பேடு கொடுத்த அரசனின் புலவர் அவ்வளவு தூரம்தான் போக முடியும்.

உண்ட பேய்கள் அபயனை வாழ்த்துகின்றன. நூல் அங்கே முடிகிறது. பேய்கள் கேட்காத சேதிகள் சில உண்டு. அவன் பட்டமேறிய அதே 1070-இல் விசயபாகு சோழரை ஈழத்திலிருந்து விரட்டிவிட்டான். பரணி அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. கலிங்கப் போர் நடந்த சில வருஷத்துக்குள் தலைக்காடு ஹொய்சளன் கைக்குப் போனது. அப்புறம் வேங்கியே, அபயன் பிறந்த வீடே, அந்தப் பில்கணரின் எஜமான் கைக்குப் போனது.

அப்புறம் அந்த அனந்தவர்மன். வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்வதுபோல் இவன் கீழைக் கங்கர் குலத்து அனந்தவர்மன் சோடகங்கன்தான் என்றால், பெயரின் முன்பாதியைக் கவனியுங்கள். சோட. சோழ. அம்மா இராசசுந்தரி சோழ இளவரசி. அதாவது பாக்கி கேட்டவனும் சோழர் வீட்டு மகள் வயிற்றுப் பிள்ளை, பாக்கி வைத்தவனும் சோழர் வீட்டு மகள் வயிற்றுப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் பாட்டிகள் இருந்திருப்பார்கள், குழந்தையைக் கையில் வாங்கி ஏதாவது சொல்லியிருப்பார்கள். பரணியில் ஒரு பாட்டிக்கு மட்டும்தான் இடம்.

மலையில் ஒளிந்தவன் இறங்கி வந்து, 1078-இல் ஏறிய சிம்மாசனத்தில் கிட்டத்தட்ட எழுபது வருஷம் உட்கார்ந்திருந்தான். குலோத்துங்கன் போன பிறகும் அவன் இருந்தான். புரியில் ஜெகந்நாதருக்கு இன்றுள்ள பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கியவன் என்று பெயரும் வாங்கிக்கொண்டான். அங்கே மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் இன்றைக்கும் தினம் சோறு பொங்குகிறது. போனால் கிடைக்கும்; வம்சாவளி கேட்க வேண்டியதில்லை.