வெட்சித் திணையும் தம்பானூர் ரயில் நிலையமும்: உண்டாட்டுத் துறையை முன்வைத்து ஓர் ஆய்வு

பழந்தமிழர் கண்ட புறத்திணைகளுள் இன்றளவும் இலக்கணம் பிசகாமல் நடந்துவருவது வெட்சி ஒன்றே. அது நடக்கும் களம் திருவனந்தபுரம் தம்பானூர். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆநிரை கவரும் காலம் மலையேறிவிட்டதே என்று பெருமூச்சு விடும் தமிழாசிரியர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சென்ட்ரல் நிலையத்தின் நடைமேடைக் கோடியில் போய் நின்று பார்க்கலாம். அங்கே நாலைந்து பேர் இருப்பார்கள். கையில் பெட்டி இருக்காது. யாரையும் வழியனுப்ப வந்த முகமும் இருக்காது. வண்டி உள்ளே நுழையும்போது ஊரே தன் கோச் எது என்று ஓட, இவர்கள் மட்டும் எஞ்சின் நெற்றியில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். குறித்ததும் முகத்தில் ஒரு தெளிவு வரும். அடுத்த வண்டி வருவதற்குள் அது வடிந்துவிடும்.

இலக்கணத்தை மறந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். பகைவர் மாட்டு மந்தையை ஓட்டி வருவது வெட்சி. தொல்காப்பியர் இதற்குப் பதினான்கு துறை வகுத்தார். படை கிளம்பும் சத்தத்தில் தொடங்கி, நற்சொல் கேட்டு, ஒற்றறிந்து, மாட்டைப் பிடித்து, அதை நோகாமல் நடத்தி வந்து, ஊரில் நிறுத்தி, பங்கு பிரித்து, கள் குடித்து, கேட்பவருக்குக் கொடுத்து முடிகிறது. கள் குடிக்கும் உண்டாட்டு கடைசிக்கு முந்தைய துறை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இந்த வரிசையை இந்திய நாடாளுமன்றமும் ஏற்றுக்கொண்டதைப் பின்னர்க் காண்போம்.

களம் பொருத்தமானதா என்பது முதல் கேள்வி. இதைவிடப் பொருத்தமான களம் இருக்க முடியாது. புறப்பொருள் வெண்பாமாலை பாடிய ஐயனாரிதனார் சேரர் வழியினர் என்பது மரபு. தொல்காப்பியத்தைக் கேட்டு ஒப்புதல் தந்த அதங்கோட்டாசானின் ஊர், குமரி மாவட்டத்துக் குழித்துறைக்குப் பக்கத்திலுள்ள அதங்கோடுதான் என்று அந்தப் பக்கத்தார் அடித்துச் சொல்வார்கள். தம்பானூரில் நாகர்கோவில் வண்டி பிடித்தால் பாறசாலையைத் தாண்டினால் குழித்துறை. அந்தப் பாதை 1979இல்தான் திறந்தது. ஆசான் நடந்தேதான் வந்து போயிருக்க வேண்டும். வெட்சிப் பூவுக்கும் பஞ்சமில்லை. அதையே மலையாளத்தில் தெச்சி என்கிறார்கள். கோயில் வாசல்களில் மாலையாகவே கிடைக்கும். எண் குறிப்போர் யாரும் அதைச் சூடிக்கொள்வதில்லை என்பது மட்டும் ஒரு குறை. கழுத்தில் கேமரா வார் தொங்குகிறது.

நிலையத்தின் வரலாற்றை விரித்துச் சொல்ல இது இடமில்லை. 1918இல் கொல்லத்திலிருந்து மீட்டர் கேஜ் ரயில் வந்தபோது அது சாக்கையோடு நின்றுவிட்டது. ஊருக்குள் தம்பானூர் வரை வர 1931 ஆயிற்று. அந்தக் காலத்தில் சென்னைக்குப் போக வேண்டுமானால் புனலூர், செங்கோட்டை வழியாக மலையேறித்தான் போக வேண்டும். அகலப் பாதை வந்தது 1970களில். இவ்வளவு போதும்.

எஞ்சின் எண் குறிக்கும் இந்தக் கலையை ஆங்கிலேயர் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1942இல் அங்கே சதர்ன் ரயில்வேயில் வேலை பார்த்த இயான் ஆலன் என்ற இளைஞர், எஞ்சின் எண்களை வரிசையாக அச்சிட்டு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பையன்கள் அதை வாங்கி, பார்த்த எஞ்சினையெல்லாம் கோடிட்டுக் கொண்டார்கள். அங்கே உண்டாட்டும் உண்டு. மான்செஸ்டருக்குக் கிழக்கே ஸ்டேலிபிரிட்ஜ் நிலையத்தின் நடைமேடையிலேயே 1885 முதல் ஒரு மதுக்கூடம் இருக்கிறது; ஒரு கையில் பீரும் மறு கையில் நோட்டுமாக நிற்கலாம். பார்ப்பதற்கு வசதியாகத் தோன்றும். ஆனால் மாட்டைப் பிடிக்கும்போதே கள் குடிப்பது துறை மயக்கம். நம் உரையாசிரியர்கள் எவரும் இதை ஒப்பமாட்டார்கள்.

இனி ஒரு நாளின் நடப்பைத் துறைவாரியாகக் காண்போம். இந்தக் கள ஆய்வில் உடனிருந்தவர் கரமனையில் குடியிருக்கும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகு எஞ்சின் எண் குறிப்பவர். பெயர் வேண்டாம் என்றார். வீட்டில் அவர் சாலைக் கடைத்தெருவுக்குக் காய் வாங்கப் போயிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பவர் ஹவுஸ் ரோட்டு வாசல் வழியாக நிலையத்துக்குள் நுழைந்தால் சாலை பக்கம்தான் என்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

விரிச்சி என்பது, புறப்படும் முன் யாரோ எதற்கோ சொல்லும் சொல்லைக் காதில் வாங்கி, அதை நிமித்தமாகக் கொள்வது. தம்பானூரில் இது ஒலிபெருக்கி வழியாக நடக்கிறது. "யாத்ரக்காருடெ ஸ்ரத்தய்க்கு" என்று அந்தப் பெண்குரல் எடுத்ததுமே நடைமேடைக் கோடியில் எல்லோரும் மூச்சடக்கி நிற்பார்கள். திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் எத்தனை மணி நேரத் தாமதம் என்று சொல்லிவிட்டு, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாக அதே குரல் சொல்லும். ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர், எழுபது மணி நேரத்துக்கும் மேல் ஓடி வரும் வண்டி அது. பிரம்மபுத்திரா கரையில் கிளம்பிய ஒன்று கரமனை ஆற்றங்கரைக்குச் சொன்ன நேரத்தில் வந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

"மக்கா, இதை விரிச்சின்னு எழுதீராத. விரிச்சி பலிக்கும்" என்றார் அண்ணாச்சி.

ஒற்று இப்போது செல்பேசியில் குடியேறிவிட்டது. வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலி எல்லோரிடமும் இருக்கிறது. அது வர்க்கலை என்று காட்டும்போது வண்டி கழக்கூட்டத்தில் இருக்கும். கழக்கூட்டம் என்று காட்டும்போது கொல்லத்தில் இருக்கும். ஒற்றனை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது பழைய அரசியல் நூல்களின் விதி. அண்ணாச்சி தேநீர்க்கடைச் சேட்டனைக் கேட்பார். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அடுத்தது ஆகோள், அதாவது மாட்டைப் பிடிப்பது. இதுதான் திணையின் உயிர். இந்திய எஞ்சின்களின் பெயர் சித்தர் பாடல் போல முதலில் விளங்காது, விளங்கிவிட்டால் விடாது. டபிள்யூஏபி-7 என்று எழுதியிருந்தால், முதல் எழுத்து அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். இரண்டாவது எழுத்து மாறுமின்சாரம்; மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். மூன்றாவது, பயணிகள் வண்டிக்கானது. ஏழு என்பது அந்த வகையில் எத்தனையாவது வடிவம் என்பது. குதிரைத்திறன் ஆறாயிரத்துக்கும் மேல். இவற்றின் கீழே எந்தக் கொட்டகையைச் சேர்ந்தது என்று சூடு போட்டிருக்கும்: ராயபுரம், ஈரோடு, அரக்கோணம். மாட்டின் தொடையில் போடும் குறியும் இதற்குத்தான். ஆக, சேர நாட்டுக் களத்தில் நின்று தொண்டை நாட்டு மந்தையையும் கொங்கு நாட்டு மந்தையையும் கவர்கிறோம். பிற்பகலில் புறப்படும் சென்னை மெயிலுக்கு எந்த நாட்டு எஞ்சின் மாட்டியிருக்கிறது என்று பார்க்கும் அந்தப் படபடப்பை, மாட்டை நேரில் பிடித்தவர்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லாமல் போனால் ஆய்வு முழுமை பெறாது. வந்தே பாரத் வண்டிக்குத் தனி எஞ்சின் கிடையாது. இழுக்கும் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. காசர்கோட்டுக்கான முதல் வந்தே பாரத் 2023 ஏப்ரலில் இங்கிருந்துதான் கிளம்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் காசர்கோட்டுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஆலப்புழை வழியாக இன்னொன்று வந்தது; காவி நிறம் பூசிய முதல் வந்தே பாரத் அது. அந்த வண்டி வரும்போது நடைமேடையில் கூட்டமே செல்பேசியைத் தூக்கும். எண் குறிப்போர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காளை இல்லாத மந்தையைக் கவர்ந்தால் ஆகோள் ஆகுமா? ஆகும் என்று இளைஞர் கட்சி. ஆகாது என்று அண்ணாச்சி. "தலையில்லாத வண்டியில என்னத்தடே குறிக்கது?"

கரந்தைக்கு வருவோம். கவர்ந்த ஆநிரையை மீட்க எதிர்த்து வருவது கரந்தை. தொல்காப்பியர் இதை வெட்சிக்குள்ளேயே அடக்கினார்; வெண்பாமாலை தனித் திணை ஆக்கியது. தம்பானூரில் நேரில் பார்த்தவன் என்ற முறையில் வெண்பாமாலையின் பக்கமே நான் நிற்கிறேன். கறுப்புக் கோட்டுப் போட்டு வரும் டிக்கெட் பரிசோதகர் தனித் திணைதான்.

"டிக்கெட்?"

அண்ணாச்சி பிளாட்பாரம் டிக்கெட்டைக் காட்டினார்.

"எங்கோட்டா?"

"எங்கோட்டும் இல்லா, சாரே. வண்டி காணான் வந்நதா."

பரிசோதகர் அவரையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். திருட்டுப் பயணிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கேயும் போகாதவனை என்ன செய்வது? கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார். பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். விவேக் அதற்குமேல் தாமதமானால் காத்திருப்பவன் இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். வண்டி தாமதமானால் ரயில்வேக்கு வருமானம் வரும் ஒரே வழி இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது உண்டாட்டு. ஸ்டேலிபிரிட்ஜ்காரர்களின் பிழை இங்கே நிகழ வாய்ப்பில்லை. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவுப்படி, ரயில்வே வளாகத்தில் குடித்துவிட்டு நிற்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையும் ஐந்நூறு ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனவே முதலில் ஆகோள், பிறகுதான் உண்டாட்டு. தொல்காப்பியமும் நாடாளுமன்றமும் ஒத்துப்போகும் இடம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

உரைகளின்படி உண்டாட்டுக்கு உரியது கள். கள் என்றால் கள்தான். பனையிலோ தென்னையிலோ இறக்கியது. இங்கேதான் தமிழ்நாட்டின் நிலை பரிதாபமாகிறது. அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. அரசே டாஸ்மாக்கில் பாட்டில் பாட்டிலாக மற்றதெல்லாம் விற்கிறது. புறத்திணை கேட்கும் அந்த ஒன்று மட்டும் கிடையாது. ஓர் அரசு தன் இலக்கணத்தைத் தானே நடைமுறைப்படுத்த முடியாத நிலைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கேரளம் இதற்கு நேர்மாறு. 1996இல் ஏ.கே. அந்தோணி முதல்வராக இருந்தபோது சாராயத்தை ஒழித்தது. 2014இல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூட முடிவெடுத்தது; 2017இல் மூன்று, நான்கு நட்சத்திர பார்களை மீண்டும் திறந்தது. இத்தனை புரட்டலிலும் கள்ளு ஷாப்பு மட்டும் தன் கறுப்பு வெள்ளைப் பலகையோடு இருந்த இடத்திலேயே இருந்தது. தமிழ் இலக்கணப்படி வெட்சியை முழுதாக நடத்த வேண்டுமானால் களியக்காவிளையைத் தாண்டி வந்தே ஆக வேண்டும். இதுவே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு.

ஒரு நுட்பம் உண்டு. கள் இறக்கிய நேரத்திலிருந்தே தானாகப் புளிக்கத் தொடங்குகிறது. காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் யாருடைய கால அட்டவணையையும் பார்ப்பதில்லை. காலைக் கள் இனிக்கும். அந்தி சாயச் சாயப் புளிப்பும் ஏறும், போதையும் ஏறும். போதாக்குறைக்குத் தென் மாவட்டங்களுக்கு வரும் கள்ளில் பெரும்பங்கு பாலக்காட்டுச் சிற்றூர்த் தோப்புகளிலிருந்து வேனில் வருகிறது. ஆகவே வண்டி எவ்வளவு தாமதமோ அவ்வளவுக்குக் கள்ளின் வீரியம் கூடும் என்ற விதி பெறப்படுகிறது. விவேக் சரியான நேரத்துக்கு வந்த நாளில் அண்ணாச்சி கள்ளைக் குறை சொன்னதற்கும், விவேக் இருட்டிய பிறகு வந்த நாளில் ஒன்றுமே சொல்லாமல் மரச்சீனிக்கிழங்கையும் மீன்கறியையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததற்கும் இவ்விதியே காரணம்.

பாதீடு, அதாவது பங்கு பிரித்தல், உண்டாட்டுக்கு முன்னால் வருவது. கேரளத்தில் இது அரசு மதுக்கடையான பெவ்கோவின் வரிசையில் வாழ்கிறது. முன்பின் தெரியாத இருவர் வரிசையிலேயே கண்ணால் பேசி, காசைச் சேர்த்து ஒரு குப்பி வாங்குவதற்கு 'ஷெயர்' என்று பெயர். கொள்ளையைச் சமமாகப் பிரித்த மறவர்களிடம் இந்த அமைதியும் வரிசை ஒழுங்கும் இருந்திருக்குமா என்பது ஐயமே. பாரில் இதன் குறுவடிவம் 'நில்பன்': உட்காராமல் கவுண்டரிலேயே ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு, எதிரே உள்ள ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு வெளியேறுவது. இது ரயிலைத் தவறவிடப் போகிறவர்களின் முறை. ரயிலில் ஏறவே போகாதவருக்கு உரியதல்ல.

ஒண்ணாம் தேதி பாரும் பெவ்கோவும் அடைத்திருக்கும். அன்றைக்கு உண்டாட்டு பெரும்பாலும் காப்பியில் நடக்கிறது. நிலையத்துக்கு எதிரே, பேருந்து நிலையத்தை ஒட்டி, லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் செங்கல் சுருளாக மேலேறிப் போகிறது. உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சாய்வாகச் சுற்றி ஏறுகிறது. மேசையும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே கட்டியவை. தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பணியாளர், பீட்ரூட் மசாலா வைத்த தோசையைக் கொண்டுவந்து வைப்பார். தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவுக் கடை, ஏ.கே. கோபாலன் முன்னின்று உருவாக்கிய இயக்கத்தின் பிள்ளை. சாய்தரை குடித்தவனுக்குச் சோதனை. குடிக்காதவனுக்கோ குடித்தது போன்ற ஒரு நிலையைச் செலவில்லாமல் தருகிறது. ஒண்ணாம் தேதிக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடத்தை எந்தக் கட்டடக்கலைஞரும் எழுப்பியதில்லை.

எஞ்சியது கொடை. கவர்ந்து வந்தவன், தன்னிடம் கேட்டு வந்த இரவலர்களுக்கு வாரி வழங்குவது இத்துறை. கள்ளு ஷாப்பில் பில் வந்ததும் அண்ணாச்சி சட்டைப் பையில் கைவிட்டு நோட்டை எடுத்தார். நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்தது எஞ்சின் எண் எழுதிய நோட்டு. அன்றைய பக்கத்தைக் கிழித்து என் கையில் வைத்தார். ராயபுரம் மூன்று, ஈரோடு இரண்டு, அரக்கோணம் ஒன்று.

"கொடைன்னா நிரையைத்தான் கொடுக்கணும் மக்கா. ரூவா கொடுக்கணும்னு எந்த உரையிலயும் கெடையாது. நீ சேட்டனுக்குக் கொடு."

நச்சினார்க்கினியர் உரையைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அண்ணாச்சி சொன்னது சரிதான்.