குளிரங்கி முதலாளிமாருக்கு ஓர் ஒற்றைக்கை விண்ணப்பம்

மொன்றியல் மாநகரின் குளிரங்கி முதலாளிமாருக்கும் அவர்தம் வடிவமைப்பாளர் பெருமக்களுக்கும்,

இடது கை ஒன்றால் தட்டிய கடிதம் இது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

முதலில் பாராட்டு. மனித உடம்பின் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை கல்லையும் கரைக்கும். மைனஸ் முப்பதிலும் காக்கும் என்று எழுதி, என் ஒரு மாத வாடகையை விலைச்சீட்டில் தொங்கவிடுகிறீர்களே, அந்த அங்கியை வாங்குகிறவர் ஒருநாளும் வழுக்கி விழமாட்டார் என்பது உங்கள் சித்தாந்தம். ஆண்டுக்கு இரண்டு மீற்றர் அளவுக்குப் பனி கொட்டுகிற ஊர் இது. ஜனவரியில் ஒருநாள் மழை பெய்யும், மறுநாள் அதே மழை நடைபாதையில் உறைந்து கிடக்கும். 1998இல் வந்த உறைமழை மின்கோபுரங்களையே மடக்கிப் போட்டது. உங்கள் வாடிக்கையாளரின் எலும்பு அந்த இரும்பைவிடத் திறம் போலும்.

விழுகிறவர் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார். அப்போது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு எப்படி முறியும் என்பதை டப்ளின் மருத்துவர் ஏபிரகாம் கொலிஸ் 1814இலேயே எழுதி வைத்துவிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டு முன்னர். அந்த முறிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். இருநூறு ஆண்டுப் பழைய இந்தச் செய்தி உங்கள் தையல்கூடங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தபால் தாமதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிப்புக்கு வருவோம். அடிநுனியில் இருக்கும் முனையை எதிர்ப்பக்கத்துப் பொந்துக்குள் நுழைத்து, ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்து, மறு கையால் ஓட்டியை மேலேற்ற வேண்டும். அதோடு விட்டீர்களா? சிப்பை மறைக்க ஒரு மடிப்பு, மடிப்பில் அழுத்துப் பொத்தான் வரிசை, உள்ளே இடுப்பை இறுக்க ஒரு நாடா, கைநுனியில் பின்னல் பட்டை. முதல் முறை அந்தப் பட்டைக்குள் என் பெருவிரல் போனது. கட்டுப் போட்ட கை வாசலிலேயே நின்றுவிட்டது. "நொந்த கையை முதலில் போடு, கழற்றும்போது அதைக் கடைசியாக எடு" என்று உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற பெண் சொல்லித் தந்தாள். அருமையான விதி. அதைக் கடைப்பிடிக்க நொந்த கை புகக்கூடிய ஒரு சட்டைக்கை வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே நல்ல கையை உள்ளே விட்டு, மற்றதைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டு, அங்கியின் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு, பொன்னாடை போர்த்தப்பட்ட மாவட்டச் செயலாளர் கோலத்தில் எங்கள் பார்க் எக்ஸ்ரென்சன் பகுதி பஸ் தரிப்பில் நின்றேன். பொன்னாடைக்காரருக்காவது கீழே கைதட்ட ஆள் இருக்கும். எனக்கு வடகாற்று மட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களுக்குப் பெறாமகனின் கம்பளிச் சொக்ஸ், அதில் ஒரு டைனோசர். இந்தக் குளிர்காலம் முழுக்க என்னிடம் இருக்கிற ஒரே நாகரிக உடுப்பு அதுதான்.

எங்கள் பக்கத்தில் தீர்வு இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வட்சப்பில், "முன்னால திறக்கிற நைற்றியைப் போடு பிள்ளை" என்றா. வீட்டுக்குள் அது சரி. கால் முறிந்த அத்தானுக்குச் சாரம் இருந்தது. காற்கட்டுக்குச் சாரத்தை வெல்ல உலகில் ஓர் உடுப்பு இல்லை என்பது என் துணிபு. ஆனால் சேலைக்குக் கொசுவம் வைக்க இரண்டு கை வேண்டும், சாரத்தோடு பனியில் இறங்க இரண்டு உயிர் வேண்டும். மருத்துவப் பொருள் கடையிலோ எல்லாமே ஒரே மண்ணிறம், நோயாளி தன் நிலையை மறந்துவிடக் கூடாதே. மெக்சிக்கோ ஓவியர் ஃபிரீடா காலோ முதுகுக்குப் போட்ட பிளாஸ்டர் கவசத்தின் மேலேயே படம் வரைந்து அணிந்தார். அவர் 1954இல் இறந்த பிறகு பூட்டி வைத்த அவரது உடுப்புகளை 2004இல்தான் திறந்தார்கள். 2018இல் இலண்டனில் அவை கண்காட்சிக்கே போயின. மண்ணிறக் கவசம் ஒன்றை யாராவது கண்காட்சிக்கு வைப்பார்களா?

செய்ய முடியாத வேலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தசைநலிவு நோய் வந்த மாமாவுக்காக ஓர் அமெரிக்கப் பொறியியலாளர் காந்தம் வைத்த சிப் ஒன்றைச் செய்தார். நுனிகளைக் கிட்டக் கொண்டுபோனால் தானே பொருந்திக்கொள்ளும், ஒரு கையால் ஏற்றலாம். 2014இல் அண்டர் ஆர்மர் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012இல் மூளைவாதம் உள்ள பதினாறு வயது மாணவர் ஒருவர், சப்பாத்து நாடாவைத் தானே கட்ட முடியவில்லை என்று நைக்கி நிறுவனத்துக்குக் கடிதம் எழுத, 2015இல் சுற்றிவந்து மூடும் சிப்போடு சப்பாத்து வந்தது. நான் இந்தக் கடிதத்தை எழுதும் துணிவு அங்கிருந்துதான் வந்தது.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு வலிக்கும். ரொறன்ரோ முந்திவிட்டது. ஆம், 1967க்குப் பிறகு ஐஸ் ஹொக்கியின் ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொட்டறியாத அதே ரொறன்ரோ! அங்கே இஸி கமிலேரி என்ற வடிவமைப்பாளர் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காக 2009இலேயே ஓர் உடுப்பு வரிசை தொடங்கினார். நிற்கிற உடம்புக்கு வெட்டிய அங்கி, இருந்தால் வயிற்றில் குவியும், முதுகுக்குப் பின்னால் சுருண்டு உறுத்தும். அவர் இருக்கிற உடம்பை அளந்து வெட்டினார். 2014இல் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. சபானெல் வீதியில் இத்தனை தலைமுறை தையல் நடந்த நகரம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமா? வந்த புதிதில் எங்கள் பெண்களும் அந்த மெசின்களில் குனிந்தவர்கள்தான். ஒரு சட்டைக்கையை இரண்டு அங்குலம் அகலமாக வெட்டி, அக்குளிலிருந்து கைநுனிவரை ஒரு திறப்பு வைக்க என்ன செலவாகும் என்று அவர்களைக் கேட்டால் வாய்க்கணக்காகவே சொல்வார்கள்.

முறிந்தவர்களின் சந்தை சின்னது என்று உங்கள் கணக்காளர் சொல்லக்கூடும். அவரை ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு அனுப்பிவையுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருப்பவள், அரிசிச் சாக்கோடு படி ஏறுகிறவர், மூட்டுவாதத்தில் விரல் மடங்காத அன்ரி, போனைக் காதிலிருந்து எடுக்காத என் தம்பி. கட்டு எதுவும் இல்லாமலே எல்லாருக்கும் ஒரு கைதான் மிச்சம்.

என் கட்டு அவிழும்போது உங்கள் கடைகளில் மலிவு விற்பனை தொடங்கியிருக்கும். நிச்சயம் வருவேன். கை குணமாகியிருந்தாலும் அதைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு அங்கியையும் போட்டுப் பார்ப்பேன். மூட முடியாததைக் கொழுவியில் திரும்பப் போடவும் எனக்கு ஒரு கைதான் இருக்கும் என்பதால், அந்த வேலைக்கு உங்கள் விற்பனையாளர் ஒருவரை ஒதுக்கி வையுங்கள். மச்சாள்மார் மூவரும் கூட வருகிறார்கள், அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு.

இப்படிக்கு,
இடது கைக்காரி,
பார்க் எக்ஸ்ரென்சன்