மூணு ஆம்ப் சார்

"இப்ப கேளுங்க" என்பார். கேட்போம். 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் கிதாரோடு பாடுவாரே, அந்தப் பாட்டுதான். ஜேசுதாஸ் வாய் திறந்ததும் சார் பாட்டை நிறுத்திவிடுவார். எழுந்து போய் ஒரு குமிழை எள்ளளவு திருகுவார். "இப்ப?" மறுபடி கிதார். மறுபடி நிறுத்தம். "300 ஹெர்ட்ஸ்ல பிரிச்சிருந்தேன், 350க்கு ஏத்தியிருக்கேன். தெரியுதா?" தெரிகிறது என்றால், "என்ன தெரியுது?" என்பார். தெரியவில்லை என்றால் இன்னொரு தரம் கிதார். அந்தப் பாட்டுக்குச் சரணம் என்று ஒன்று இருப்பது அந்த வீட்டுக்கு இதுவரை தெரியாது.

நமக்கெல்லாம் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஒரு ஆம்ப். இவருக்கு மூன்று: வூஃபருக்கு, மிட்ரேஞ்சுக்கு, ட்வீட்டருக்குத் தனித்தனியாக. முன்னால், ஒலியை மூன்றாகப் பிரித்துக் கொடுக்க ஆக்டிவ் கிராஸ்ஓவர் பெட்டி ஒன்று. கம்பெனிக்காரன் ஸ்பீக்கருக்குள் வைத்த காயிலும் கப்பாசிட்டரும் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. "ஆம்ப்புக்கு அப்புறம் பிரிக்கிறதாவது! முன்னாடியே பிரிக்கணும் சார். நடுவுல காயில் எதுக்கு?" 1976 என்றால் நமக்கு அன்னக்கிளி. இவருக்கு, லிங்க்விட்ஸ் என்கிற இன்ஜினியர் கிராஸ்ஓவர் பற்றிக் கட்டுரை எழுதிய வருஷம். ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

ஆன் பண்ண ஒரு வரிசை, ஆஃப் பண்ண அதற்குத் தலைகீழ். ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது கிராஸ்ஓவரைப் போட்டால் 'டொப்' என்று ஒரு சத்தம். ட்வீட்டர் காலியானாலும் ஆகும். கரண்ட் போனதும் மற்றவர்கள் டார்ச் தேடுவார்கள். இவர் இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டு, கரண்ட் திரும்புவதற்குள் மூன்று ஆம்ப்பையும் அணைக்க ஓடுவார்.

"ஒரு பாட்டாவது முழுசா போடுங்களேன், சார் வந்திருக்காரு" என்பார் காபி கொண்டுவரும் மனைவி. "டெஸ்டிங் முடியட்டும்மா." இந்த டெஸ்டிங் பெரிய பெண்ணை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது ஆரம்பித்தது. இப்போது அவளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது. கிதார் தந்தியில் விரல் வழுக்குகிற சத்தம்கூட அந்த ஸ்பீக்கரில் கேட்கும். ஜேசுதாஸ் டீப்பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும், அந்த ஒரு விநாடிக்கு. எரிச்சலே அதனால்தான். இவ்வளவு நன்றாகப் பாடுகிற மனுஷரைப் பாட விடவேண்டியதுதானே ஐயா? வீட்டுக்கு வந்தவன் என்ன அளவெடுக்கிற மைக்கா, சோபாவின் நட்டநடுவில் நட்டுவைத்து, "தலையை ஆட்டாதீங்க" என்று அதட்ட?

போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். என் ஸ்பீக்கரின் முதுகைத் தட்டிப் பார்த்தார். "உள்ளே கிராஸ்ஓவர் இருக்கு போல. நாலே ஸ்குரூதான், கழட்டிடலாம்" என்று சட்டைப்பையைத் தடவினார். இப்போதெல்லாம் காலிங் பெல் அடித்தால் முதலில் பாட்டை நிறுத்துகிறேன், பிறகுதான் கதவு.