மூக்கில் குச்சி, கடலில் கப்பல்

திண்டிவனத்துக்காரருக்குக் கப்பல் ஆசை வந்தால், கொரோனா நாட்களில் முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் மூக்கைக் காட்ட வேண்டியிருந்தது. எத்தனை மணிக்குக் காட்டுவது என்பதில்தான் சிக்கல். 2021 இறுதியில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வர 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை போதுமாக இருந்தது. சிங்கப்பூருக்குப் போகவோ இரண்டே நாள். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் கொஞ்சம் அசந்து நின்றால் சான்றிதழ் காலாவதி. மூக்கு மட்டும் அப்படியே இருக்கும்.

சான்றிதழைக் கிருமி படிக்குமா என்பது வேறு விஷயம். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா போன கார்டீலியா நிறுவனக் கப்பலில் 66 பேருக்குத் தொற்று. புத்தாண்டுக் கொண்டாட்டம் மும்பைக்கே திரும்பியது.

அதே நிறுவனத்தின் கப்பலுக்கு அந்த ஜூனில் சென்னையில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்தார். புதுச்சேரியோ பயணிகளை இறங்க விடவில்லை. காரணம் கிருமி பயமில்லை; கேசினோ, கலாசாரம் என்று பேச்சு. திண்டிவனம், விழுப்புரம் பஸ்களில் சனிக்கிழமைதோறும் எந்தக் கலாசாரம் புதுச்சேரிக்குப் போய் வருகிறது என்பது கண்டக்டருக்குத் தெரியும். அதற்கு எந்த லேபிலும் பரிசோதனை இல்லை.

ஆகவே, கப்பல் டிக்கெட் எடுப்பவர்களே, ஏறும் ஊரில் மட்டும் விதியைக் கேட்காதீர்கள். இறங்கும் ஊரிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.